வாதத்தை நீக்கிவிட்டு விடையை மட்டும் வைக்காதீர்கள்: பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக இளங்கலைப் பொருளியல் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இணைவுக் கல்லூரிகளுக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய பாடத்திட்ட வரைவைப் படித்தேன். மூன்றாம் ஆண்டு இந்தியப் பொருளாதாரத் தாளில் இதுவரை ஒரு முழு யூனிட்டாக இருந்த திட்டமிடல் விவாதங்கள், அதாவது ஐந்தாண்டுத் திட்டங்களை எப்படிப் போடுவது என்று பொருளியலாளர்கள் மோதிக்கொண்ட வாதங்கள், எடுக்கப்பட்டுவிட்டன. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'ஐந்தாண்டுத் திட்டங்கள்: நோக்கங்கள், சாதனைகள், குறைபாடுகள்.' பொருளியல் சிந்தனை வரலாறு கட்டாயத் தாளாக இருந்தது, இனி விருப்பத் தாள். அதுவும் பிரிட்டிஷ் பொருளியலாளர் கீன்ஸோடு நின்றுவிடுகிறது. 1945க்குப் பிறகு பொருளியலில் யாரும் யாரோடும் மோதிக்கொள்ளவே இல்லை என்பது போல.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பகுதியைப் பல ஆண்டுகளாக, பெரும்பாலும் தமிழ் வழி மாணவர்களுக்கு, நடத்தி வருகிறவன் நான். மண்டல ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், அஜெண்டாவில் இல்லை என்றார்கள். துறை வழியாக எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வரைவோடு வந்த சுற்றறிக்கை மூன்று காரணம் சொல்கிறது. திட்டக் குழுவே 2015இல் போய்விட்டது. மாணவர்களுக்கு வேலைக்கு உதவும் பாடம் வேண்டும். இந்த யூனிட்டுக்குத் தமிழில் நூல்கள் இல்லை. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் எதை எடுத்துவிட்டீர்கள் என்பதைப் பேசியாக வேண்டும்.

எந்த மாணவரிடமும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படையாக இருந்த மகலனோபிஸ் மாதிரி (மாடல்) என்றால் என்ன என்று கேளுங்கள். 'கனரகத் தொழில்களுக்கு முக்கியத்துவம் கொடுத்தது' என்பார். இரண்டு மார்க் போட்டுவிடலாம். ஏன் கொடுத்தார், கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள், கடைசியில் யார் சொன்னது நடந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உங்கள் புதிய வரைவின்படி படிக்கிற மாணவர் அங்கே வாயை மூடிக்கொள்வார். அது அவர் தப்பில்லை.

1955 ஜனவரியில் சென்னையை ஒட்டிய ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்ம பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. மார்ச்சில் பி.சி.மகலனோபிஸ் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவைக் கொடுத்தார். மனிதர் பொருளியல் படித்தவர் இல்லை. கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்து, புள்ளியியலுக்குத் தாவி, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். நாட்டில் கிடைக்கிற இரும்பைக் கொண்டு தறி செய்யலாம், தறி செய்கிற இயந்திரத்தையும் செய்யலாம். முதலாவதைச் செய்தால் அடுத்த ஆண்டே துணி வரும். இரண்டாவதைச் செய்தால் துணி வர நாளாகும், ஆனால் அப்புறம் வருவது பல மடங்காக இருக்கும். எவ்வளவு இரும்பை எந்தப் பக்கம் தள்ளுவது?

வேண்டிய இயந்திரத்தை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டால் என்ன என்று வகுப்பில் யாராவது உடனே கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். வாங்க டாலரும் பவுண்டும் வேண்டும், அதற்கு ஏற்றுமதி பெருக வேண்டும். சணலையும் தேயிலையையும் பருத்தித் துணியையும் வைத்துக்கொண்டு ஏற்றுமதி பெரிதாக வளராது என்று அன்றைக்கு டெல்லியில் பெரும்பாலோர் நம்பினார்கள். இந்த நம்பிக்கைக்கு அந்த மாதிரியில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது, ஏனென்றால் வெளிநாட்டு வணிகமே அதில் இல்லை. உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு 1948இல் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. 1960ஐ ஒட்டி அது ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஏற்றுமதி வளராது என்று கணித்தது பலித்ததா, வளராது என்று நினைத்துக் கைவிட்டதால் வளரவில்லையா? இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். நல்ல வகுப்பு என்றால் மணி அடித்த பிறகும் ஓடும்.

திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். அரசுத் துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதி, அதாவது நடைமுறையில் ரிசர்வ் வங்கி அச்சடித்துத் தர வேண்டிய பணம். இன்னும் 400 கோடிக்கு எங்கிருந்து வரும் என்றே எழுதவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு.

இதைப் பார்க்கப் பொருளியல் அறிஞர் குழு ஒன்று போட்டிருந்தார்கள். டி.ஆர்.காட்கில், வி.கே.ஆர்.வி.ராவ், சி.என்.வகீல் போன்ற பெரிய தலைகள் இருந்த குழு. அதில் பி.ஆர்.ஷெனாய் என்ற ஒருவர் மட்டும் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதி வைத்தார். நாட்டின் உண்மையான சேமிப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் திட்டம் போட முடியும், நோட்டு அடித்து அதைப் பெருக்க முடியாது, பெருக்கப் பார்த்தால் விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி கரையும் என்பது அவர் வாதத்தின் சாரம். கட்டுப்பாடுகளும் தேசியமயமும் திட்டமிடலுக்குத் தேவையே இல்லை என்றும் எழுதினார். நேரம் பார்த்தால் அவர் சொன்னது யார் காதிலும் ஏறாத நேரம். முதல் திட்டக் காலத்தில் மழை கைகொடுத்து, விலைவாசி ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. அந்தச் சூழ்நிலையில் பணவீக்கம் வரும் என்று ஒருவர் தனியாக நின்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனி நான் உங்களிடம் சாட்சியாக வைக்கப்போவது ஒரு ஒரு மார்க் கேள்வி.

எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் மாலையில் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறவர்கள். ரிசர்வ் வங்கியின் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்: மொத்தம் 200 கோடி, அதில் தங்கம் 115 கோடி, மீதி 85 கோடி அந்நியச் செலாவணி. டிஎன்பிஎஸ்சி கைடு, வங்கித் தேர்வு கைடு எல்லாவற்றிலும் இருக்கிறது. எப்படி 115? 110 ஏன் இல்லை, 120 ஏன் இல்லை? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்காது.

நான் அதை இப்படி நடத்துகிறேன். 1956 வரை இருந்த விதி வேறு. வெளியிட்ட நோட்டு மதிப்பில் 40 சதவீதத்துக்குத் தங்கமோ அந்நியப் பத்திரமோ இருக்க வேண்டும், அதில் தங்கம் 40 கோடிக்குக் குறையக் கூடாது. 1,200 கோடிக்கு நோட்டு அடிக்கப் போகிற அரசுக்கு அந்த விதி காலைக் கட்டியது. 1956 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தினார்கள். சதவீதம் போயிற்று. இனி 400 கோடி அந்நியச் செலாவணி, 115 கோடி தங்கம் இருந்தால் போதும், நோட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். 40 கோடித் தங்கம் எப்படி 115 கோடி ஆயிற்று? தங்கம் புதிதாக வாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்த பழைய விலை தோலாவுக்கு (ஏறத்தாழ 11.66 கிராம்) ஏறத்தாழ 21 ரூபாய் 24 காசு. அதை 62 ரூபாய் 50 காசு என்று மாற்றி எழுதினார்கள். பெட்டகத்தில் இருந்த அதே தங்கம் 40 கோடியிலிருந்து 117 கோடியைத் தாண்டிவிட்டது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள் என்பேன். போட்டுப் பார்ப்பார்கள், விடை சரியாக வரும். வகுப்பில் ஒரு சிரிப்பு எழும்.

அப்புறம் கதையின் இரண்டாம் பாதி. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து அந்நியச் செலாவணி இருப்பிலிருந்து 200 கோடி எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். முதல் ஆண்டிலேயே அதற்கு மேல் கரைந்துவிட்டது. 400 கோடி என்று வைத்த தரைக்கு இருப்பு வந்து முட்டப்போகிறது என்று தெரிந்ததும், 1957இல் தரையையே இறக்கினார்கள். தங்கம் 115, மற்றதும் சேர்த்து மொத்தம் 200 கோடி போதும். அன்றைக்கு நெருக்கடியில் எழுதிய எண்ணைத்தான் உங்கள் மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு ஒரு மாணவி, "அப்ப ஷெனாய் சொன்னது சரிதானே சார்?" என்றாள். சரி என்று சொல்லி முடித்துவிடலாம்தான். முடிக்கக் கூடாது. 1956இல் சூயஸ் கால்வாய் மூடியது. இறக்குமதி உரிமங்களை அரசு அதற்கு முன்பு தாராளமாக வழங்கியிருந்தது, தனியார் ஆலைகளும் இயந்திரங்களை அள்ளி வாங்கின. 1957-58இல் தானிய விளைச்சல் சரிந்தது. கரைந்த செலாவணிக்கு நோட்டு அடித்தது மட்டும்தான் காரணமா? அதே திட்டக் காலத்தில் விலைவாசி 30 சதவீதம் ஏறியது, உண்மை. தேசிய வருமானம் ஆண்டுக்கு 4.5 சதவீதம் வளர வேண்டும் என்று இலக்கு வைத்து 4.3 சதவீதத்தை எட்டியதும் உண்மை. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகள் நின்றன. நம் நெய்வேலி நிறுவனம் தொடங்கியதும் 1956இல்தான். அவள் விடவில்லை. அடுத்த வாரம் கேட்டாள்: கட்டுப்பாடே வேண்டாம் என்று ஷெனாய் சொன்னார், அவர் பயந்த நெருக்கடி வந்ததால்தானே 1957க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது? என்னிடம் தயாராக விடை இல்லாத கேள்வி அது. நூலகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து அவள் 1959க்கு வந்து சேர்ந்தாள். அந்த ஆண்டு சென்னையில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதற்கு காங்கிரஸ் நாகபுரியில் போட்ட கூட்டுப் பண்ணைத் தீர்மானம் ஒரு காரணம், எதற்கும் அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்த உரிம ஆட்சியின் மீதான வெறுப்பு இன்னொரு காரணம். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் தனியாகப் படித்த ஒரு பெயரும், வங்கித் தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஓர் எண்ணும் அவளுக்கு ஒரே கதையாகக் கூடி வந்தன. உங்கள் புதிய வரியில், 'நோக்கங்கள், சாதனைகள், குறைபாடுகள்' என்ற மூன்று அறைகளில், இந்தக் கதையை எந்த அறையில் வைப்பது?

இது இரண்டு பேர் போட்ட சண்டையும் இல்லை. பம்பாயில் இருந்த வகீலும் பிரம்மானந்தாவும் 1956இல் மூன்றாவது வழி ஒன்று சொன்னார்கள். கிராமத்தில் பாதி வேலையோடு கிடக்கிற கோடிக்கணக்கான பேரை வேலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவர்களுக்குச் சோறும் துணியும் முதலில் வேண்டும். அந்தக் கூலிப் பண்டங்கள்தான் இந்த நாட்டுக்கு முதல் மூலதனம், இரும்பு அப்புறம்தான். என் சொந்தத் தீர்ப்பு, மூன்று தரப்பில் இவர்களே உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தார்கள் என்பது. வேளாண்மைக்கும் பாசனத்துக்கும் முதல் திட்டம் 31 சதவீதம் ஒதுக்கியது. இரண்டாவது திட்டம் 20 சதவீதத்துக்கு இறக்கியது. 1956 ஆகஸ்டிலேயே அமெரிக்காவோடு, ரூபாயிலேயே விலை கொடுத்துத் தானியம் வாங்கும் பி.எல்.480 ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. பத்து ஆண்டு கழித்து 1966இல் கப்பலில் வந்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அதே ஆண்டு ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆயிற்று. சி.சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்து குட்டை ரக கோதுமை விதைக்காகப் போராடியதை நம் பாடநூல்கள் பசுமைப் புரட்சி என்ற தலைப்பில் கொண்டாடுகின்றன. அந்தப் போராட்டம் எதைச் சரிசெய்ய வந்தது என்பது உங்கள் வரைவில் இல்லை. என் தீர்ப்பை மாணவர்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போன ஆண்டு ஒருவன் நெய்வேலியை வைத்தே என்னை மடக்கினான். மடக்கட்டும், அதற்குத்தானே வகுப்பு.

ஜே.சி.குமரப்பாவையும் எடுத்துவிட்டீர்கள். தஞ்சாவூரில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, கடைசிக் காலத்தைத் தே.கல்லுப்பட்டியில் கழித்தவர். பெரிய ஆலைகளைவிடக் கிராமத் தொழில்களையே முன்னால் வைத்த காந்தியப் பொருளியலாளர். இந்த வாதத்தின் மூன்று தரப்பையும் ஒருசேர மறுக்கிற நாலாவது தரப்பு அவருடையது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்நாட்டுப் பொருளியலாளர் ஒருவரை இப்படிச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டது எனக்குப் புரியவே இல்லை. ஒருவர் செலவழிப்பதன் மீது போடுகிற கால்டாரின் செலவு வரியும் பாடத்திலிருந்து போயிற்று. கேம்பிரிட்ஜ் பொருளியலாளரான கால்டார் எழுதிக் கொடுத்ததை நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957இல் சட்டமாக்கினார், 1962இல் எடுத்தார்கள், 1964இல் திரும்ப அவரே கொண்டுவந்தார், 1966இல் மறுபடி எடுத்தார்கள். உலகிலேயே அதைச் செய்து பார்த்தவை இந்தியாவும் இலங்கையும்தான். கோட்பாடு ஒன்று சட்டமாகி வசூலாகாமல் போவதற்கு இதைவிடச் சின்ன, தெளிவான எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

திட்டக் குழு இல்லை என்பது சரி. 2015 ஜனவரி முதல் நிதி ஆயோக். ஆனால் எந்தத் தொழிலை அரசு கைதூக்கிவிடுவது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி திட்டக் குழுவோடு சேர்ந்து போய்விட்டதா? 2020இல் தொடங்கிய உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் 14 துறைகளுக்கு ஏறத்தாழ 1.97 லட்சம் கோடி ரூபாய் என்றது. 2021 டிசம்பரில் குறைகடத்தித் (சிப்) தொழிலுக்கு 76,000 கோடி. தறியா, தறி செய்யும் இயந்திரமா என்ற அதே கேள்விதான். இன்றைக்கு அதை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் 1955இல் பேசியதைத்தான், யார் பேசியது என்று தெரியாமல், திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைக்கு உதவாது என்கிறீர்கள். எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்கள் குமாரபாளையம், பள்ளிபாளையம், சங்ககிரி பக்கத்துப் பிள்ளைகள். பாதி வீடுகளில் விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். மகலனோபிஸ் வரைவின் மறுபக்கம் கைத்தறி. பெரிய பணமெல்லாம் உருக்குக்குப் போகும்போது துணியும் வேலையும் கிராமத்துத் தறியிலிருந்தே வரட்டும் என்று வைத்தார்கள். 1955இல் சிறுதொழில்களுக்காகப் போட்ட கார்வே குழு அதற்கு வழி சொன்னது. ஆலைகள் புதிய தறி போடத் தடை வந்தது. 1955இல் டெல்லி வந்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் நவம்பரில் அரசுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் இதைத்தான் பிடித்தார். ஒரு முனையில் குறைந்த ஆளோடு ஏராளமான மூலதனம், மறு முனையில் குறைந்த மூலதனத்தோடு ஏராளமான ஆள், நடுவே இருப்பதைக் கவனிக்க ஆளில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த நடுவில் என்ன முளைத்தது? ஆலைக்கும் தடை, கைத்தறிக்கும் வேகம் போதாது. இடையில் நாலு தறி, எட்டுத் தறி போட்டு வீட்டிலேயே ஓட்டிய விசைத்தறிக்காரர்கள் முளைத்தார்கள்.

இதை நடத்திய அன்று கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், "எங்க ஊர்ல தறி ஓடுறதுக்கே டெல்லில நடந்த இந்தச் சண்டைதான் காரணமா சார்?" என்று கேட்டான். மறுநாள் அவன் அப்பாவிடம் பேசிவிட்டு வந்தான். தாத்தா காலத்தில் கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்ததற்கு ஆபீசர்கள் வந்து பிடித்த கதை, தறிக்கு அனுமதி வாங்க அலைந்த கதை எல்லாம் சொன்னான். முழு உரிம ஆட்சியும் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்தது. அவனுக்கு எக்செல் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய தாளில் நீங்கள் சேர்த்திருக்கும் தரவுப் பயிற்சியை வரவேற்கிறேன். ஆனால் ஒரு தறிக்காரர் மகன் தன் ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி எழுந்து நின்று கேள்வி கேட்கிற இடத்தைக் காலிசெய்து அதை வைக்காதீர்கள். குரூப் 1 முதன்மைத் தேர்வில் எழுதச் சொல்வது கட்டுரைதான். அங்கே இரண்டு பக்க நியாயத்தையும் எடுத்து வைத்து வாதாடத் தெரியாதவர்கள் கைடு வரியைத்தான் எழுதுகிறார்கள்.

கைடு வரி என்றால் என்னவென்று விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். 'இத்திட்டம் விரைவான தொழில்மயமாக்கலை நோக்கமாகக் கொண்டது' என்ற அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழையோடு, கட்டுக் கட்டாக வருகிறது. கல்லூரி வேறு, மாவட்டம் வேறு, பிழை ஒன்று. திருத்துவதும் எளிது, விடைக்குறிப்பிலும் அந்த வரிதான் இருக்கிறது. உங்கள் புதிய தலைப்பு இதற்கென்றே தைத்த சட்டை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைத்தது. தமிழில் நூல் இல்லை என்பதால் பாடத்தை எடுக்கிறோம் என்கிறீர்கள். நூல் இல்லையென்றால் நூல் போட வேண்டியது யார்? இரண்டாம் திட்ட ஆவணம் பொதுவில் இருக்கிறது. ஷெனாயின் மறுப்புக் குறிப்பு நீளமானதே அல்ல, ஒரு விடுமுறையில் இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து தமிழில் கொண்டுவந்துவிடலாம். குமரப்பா 1960இல் மறைந்தவர், அவர் எழுத்துக்குக் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. நானும் இன்னும் சில கல்லூரி நண்பர்களும் ஆண்டுதோறும் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் குறிப்புகள் இருக்கின்றன. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். யாரும் கேட்கவில்லை.

ஆங்கில வழியில், சென்னையிலும் டெல்லியிலும் தன்னாட்சிக் கல்லூரிகளில் பொருளியல் படிக்கிற பிள்ளைகள் இந்த வாதத்தைப் படிக்கத்தான் போகிறார்கள். நாளைக்கு இந்த 14 துறை யாருடையது, அடுத்த பட்ஜெட்டில் பற்றாக்குறை எவ்வளவு என்று முடிவு செய்கிற மேசைக்கு அவர்கள் போவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நோக்கங்களும் சாதனைகளும். இந்தப் பாகுபாட்டை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரைவு அப்படியே நிறைவேறினால் நடக்கப்போவது அதுதான்.

நான் கேட்பது இவை. கல்விப் பேரவை இந்த வரைவை எடுத்துக்கொள்வதற்கு முன் திட்டமிடல் விவாதங்களை முழு யூனிட்டாகத் திரும்பச் சேருங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மகலனோபிஸ், ஷெனாய், வகீல்-பிரம்மானந்தா, குமரப்பா ஆகிய நான்கு தரப்பும் பெயர் சொல்லிப் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். இடம் போதாது என்றால், 'பன்னிரண்டு திட்டங்களின் இலக்குகள்' என்ற அட்டவணைப் பகுதியை எடுங்கள். அது எந்தக் கைடிலும் கிடைக்கும். சிந்தனை வரலாற்றுத் தாளைக் கட்டாயத் தாளாகவே வைத்து, கீன்ஸுக்குப் பிறகு 1970 வரையாவது கொண்டு வாருங்கள்.

பல்கலைக்கழகப் பதிப்புத் துறை மூலம் மூல ஆவணங்களின் தமிழ்த் தொகுப்பு ஒன்று அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வர வேண்டும். உரிமை பெற வேண்டியவற்றுக்குப் பல்கலைக்கழகம் எழுதிப் பெறட்டும். மொழிபெயர்ப்புக்கு இணைவுக் கல்லூரி ஆசிரியர்களை அழையுங்கள், சம்பளம் கேட்க மாட்டோம். வினாத்தாளில் இந்த யூனிட்டிலிருந்து ஒரு பத்து மார்க் கேள்வியாவது, ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு மறுதரப்புக்குப் பதில் எழுதச் சொல்வதாக இருக்க வேண்டும். எந்தத் தரப்பை எடுத்தாலும் வாதத்துக்கு மார்க் என்று விடைக்குறிப்பிலேயே எழுதுங்கள்.

கடைசியாக, இந்த மாற்றத்தை முடிவு செய்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பல்கலைக்கழக வலைத்தளத்தில் வெளியிடுங்கள். இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள் கருத்துச் சொல்ல முப்பது நாள் கொடுங்கள். எங்கள் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரிப் பொருளியல் ஆசிரியர் ஒருவர்